பழுதடைந்த காப்பு நாடாவிலிருந்து கோப்புகளை மீட்டல்: வன்னி அலுவலகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் கூட்டுறவுச் சங்கங்கள், பாடசாலைகள், பங்குத் தேவாலயங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் பழைய அலுமாரிகளைத் துப்புரவாக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பேழைகள் சில அகப்படுவதுண்டு. பாட்டுக் கசற் என்று எண்ணிப் பலர் எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். அவை கணினித் தரவைப் பதிந்து வைத்த காப்பு நாடாக்களாக இருக்கலாம். ஏ9 வீதி திறந்திருந்த 2002 முதல் 2006 வரையான ஆண்டுகளில் சேர்வர் வைத்திருந்த அலுவலகங்கள் நாள்முடிவில் தரவுகளை நாடாவில் பதிந்து வைப்பது வழக்கம். 2008, 2009 இடப்பெயர்வில் கடதாசிப் பதிவேடுகள் ஏராளமாக அழிந்துபோயின. உறுப்பினர் பட்டியல், நெல் கொள்வனவுக் கணக்கு, மாணவர் சேர்வுப் பதிவேடு என்று எதுவாயினும், எஞ்சியிருக்கும் ஒரே பிரதி அந்த நாடாவாக இருக்கலாம்.

பழுதடைந்த நாடாவை டிரைவில் (நாடாவை வாசித்து எழுதும் கருவியில்) ஓட்டும் ஒவ்வொரு தடவையும் அதன் காந்தப் பூச்சில் ஒரு பங்கு உரிகிறது. உரிந்த தூள் வாசிப்புத் தலையில் ஒட்டி, அடுத்து வரும் பகுதியையும் கீறுகிறது. முதல் ஓட்டமே பெரும்பாலும் மிகச் சிறந்த ஓட்டம். எனவே இந்த வழிகாட்டியில் நாடா ஓடும் நேரத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டிய வேலைகளே அதிகம். முன்வேலையைச் சரியாகச் செய்தால் நாடாவை ஒரே ஒரு முறை ஓட்டினால் போதும்.

முதற்படி: கையைக் கட்டிக்கொண்டு பார்த்தல்

நாடா கிடைத்தவுடன் எந்த டிரைவிலும் போடாதீர்கள். முதலில், நாடாவில் புதிதாக எதுவும் எழுதப்படாமல் காக்கும் எழுத்துத் தடுப்பைப் போடுங்கள். டிடிஎஸ் எனப்படும் சிறிய வகை நாடாவில் சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்து தெரியும்படி விடவேண்டும். எல்டிஓ எனப்படும் சதுரமான, கனமான வகை நாடாவில் பூட்டுச் சின்னம் தெரியும் பக்கத்துக்குத் தள்ளவேண்டும். தனக்குப் புரியாத நாடாவைக் கண்டால் 'இதைத் தயார்ப்படுத்தட்டுமா' என்று கேட்கும் காப்பு மென்பொருள்கள் உண்டு. கை தவறி 'ஆம்' அழுத்தினால் நாடாவின் தொடக்கத்தில் புதிய தலைப்பும் அதையடுத்துத் தரவு முடிவுக் குறியும் எழுதப்பட்டுவிடும். அந்தக் குறிக்கு அப்பால் சாதாரண டிரைவ் போகாது. பின்னால் உள்ள தரவு அப்படியே கிடந்தாலும் எட்டமுடியாது.

பேழையின் எல்லாப் பக்கங்களையும் ஒட்டுத்தாளையும் பெட்டியையும் படம் பிடியுங்கள். திகதி, 'திங்கள்', 'வெள்ளி' போன்ற குறிப்பு, மென்பொருளின் பெயர் எதுவும் பின்னர் கைகொடுக்கும். முன்பு அந்த அலுவலகத்தில் வேலை செய்தவர் யாராவது வெளிநாட்டில் இருந்தால், எந்த மென்பொருளில் எடுத்தார்கள், கடவுச்சொல் இருந்ததா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். இதை நாடாவை ஓட்டிய பிறகு கேட்பவர்களே அதிகம்.

இரண்டாம் படி: எந்த நாடா, எந்த டிரைவ்

நம் பக்கத்தில் அதிகம் காணப்படுவது 4 மில்லிமீற்றர் அகல நாடா கொண்ட டிடிஎஸ் வகை. நீளத்தைப் பேழையிலேயே அச்சிட்டிருப்பார்கள். 90 மீற்றர் என்றால் டிடிஎஸ்-1, கொள்ளளவு 2 ஜிகாபைட். 120 மீற்றர் டிடிஎஸ்-2, 4 ஜிகாபைட். 125 மீற்றர் டிடிஎஸ்-3, 12 ஜிகாபைட். 150 மீற்றர் டிடிஎஸ்-4, 20 ஜிகாபைட். 170 மீற்றர் டாட் 72, 36 ஜிகாபைட். டாட் 72 டிரைவ் டிடிஎஸ்-3, டிடிஎஸ்-4 நாடாக்களை வாசிக்கும். அதற்கு முந்திய நாடாவுக்கு டிடிஎஸ்-4 அல்லது அதற்கும் பழைய டிரைவைத் தேடுவதே பாதுகாப்பு.

சதுரமாகவும் கனமாகவும், உள்ளே அரை அங்குல நாடாவுடன் இருப்பவை எல்டிஓ அல்லது டிஎல்டி. எல்டிஓ 2000 இல் 100 ஜிகாபைட் கொள்ளளவுடன் வந்தது. ஏழாம் தலைமுறை வரையான டிரைவுகள் தமக்கு முந்திய இரு தலைமுறைகளை வாசிக்கும். எட்டாம் தலைமுறை டிரைவ் ஏழாம் தலைமுறையை மட்டுமே வாசிக்கும். ஆகவே எல்டிஓ-3 நாடாவுக்கு எல்டிஓ-3, 4, 5 டிரைவுகளில் ஒன்று வேண்டும். புதியதாக வாங்கினால் எல்லாவற்றையும் வாசிக்கும் என்று நம்பிப் பணத்தை விரயம் செய்யாதீர்கள்.

நாடாவை எழுதிய அதே டிரைவ் எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். டிடிஎஸ் வகையில் தலை சுழன்றுகொண்டே சாய்வான கோடுகளாக எழுதுகிறது. எழுதிய டிரைவின் ஒழுங்கமைவு சற்று விலகியிருந்தால், அந்த விலகலோடு எழுதப்பட்ட நாடாவை நல்ல டிரைவ் வாசிக்காது, பழைய டிரைவோ வாசித்துவிடும். இயங்காத சேர்வரையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் அதில் நாடா டிரைவ் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: ஈரம், சேறு, பூஞ்சணம், வெப்பம்

வன்னியில் நாடாவைக் கெடுப்பவை மாரியின் ஈரமும் கோடையின் வெப்பமும் சோளகத்தோடு வரும் செம்மண் புழுதியும். நீண்டகாலம் வைத்திருக்க 16 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பமும் 20 முதல் 50 வீதம் ஈரப்பதனும் வேண்டும் என்பது எல்டிஓ நாடாவுக்கான பரிந்துரை. தகரக் கூரையின் கீழ் இருபது வருடம் இருந்த அலுமாரி இதற்கு எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது வந்ததைப் போன்ற வெள்ளத்தில் நாடா நனைந்தால், வெயிலில் காயவைக்கக் கூடாது. சேறு உலர்ந்து சுருளுக்குள் இறுகிவிட்டால் பிறகு பிரிக்கும்போது பூச்சோடு வரும். கழுவும்வரை சுத்தமான குளிர்ந்த நீரில் வைத்திருங்கள். உறைய வைக்க வேண்டாம். கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். நம் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். உலர்ந்தபின் நாடாவில் வெண்படிவு நிற்கும். வாகன பற்றரிக்கு ஊற்றவென்று விற்கும் வடிநீர் பொருத்தமானதுதான், ஆனால் அதே கடையில் பற்றரி அமிலமும் ஒத்த போத்தலில் இருக்கும். ஒட்டுத்தாளை வாசித்து வாங்குங்கள். கழுவிய பின் நிழலில், குளிர்ந்த காற்றோட்டத்தில், இரண்டு மூன்று நாளுக்குள் உலர்த்துங்கள். வாடைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் குளிரூட்டிய அறை ஒன்றை இரவல் கேட்பது நல்லது.

இடப்பெயர்வின்போது பொலித்தீனில் சுற்றிப் புதைத்த பொருட்களோடு நாடாவும் இருந்தது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்படாத நிலத்தில் எந்த நாடாவுக்காகவும் மண்வெட்டி போடாதீர்கள். ஏற்கனவே எடுத்திருந்தால், பொலித்தீனுக்குள் அடைபட்ட ஈரம் பூஞ்சணத்தை வளர்த்திருக்கும். சுருளின் விளிம்பில் வெள்ளை அல்லது பச்சைத் தூள் தெரிந்தால் முகக்கவசம் அணியுங்கள்; அந்த நாடாவை மற்றவற்றிலிருந்து பிரித்து ஒரு மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து முழுதாக உலரவிடுங்கள். உலர்ந்த பூஞ்சணத்தைத் தூசு விடாத மென்துணியால் எடுக்கலாம். அது இருக்கும்போதே ஓட்டினால் டிரைவும் கெடும், அதன்பின் போடும் நாடாக்களும் கெடும்.

நாடாவை அடுப்பில் சூடாக்கிப் பிசுபிசுப்பைப் போக்கும் முறையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பூச்சைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதையும்போது நாடா ஒட்டும், கிறீச்சிடும், மண்ணிறப் படிவை விடும். ஏறத்தாழ 50 பாகையில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ உலர்த்தினால் சில வாரங்களுக்கு ஓடக்கூடிய நிலைக்கு வரும். என் கருத்தில், வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் ஆய்வுகூட அடுப்பு இல்லாமல் இதைத் தொடக்கூடாது. சமையலறை அடுப்பும் வெயிலில் நிறுத்திய வாகனமும் 50 பாகையில் நிற்பதில்லை. 4 மில்லிமீற்றர் நாடா மிக மெல்லியது, சுருங்கினால் மீளாது. பழைய அரை அங்குல, கால் அங்குல நாடாக்களில் தெளிவான பிசுபிசுப்பைக் கண்டால் மட்டுமே இதை யோசியுங்கள்.

எந்த நாடாவாக இருந்தாலும் ஓட்டுவதற்கு முன் 24 மணி நேரம் டிரைவ் இருக்கும் அறையிலேயே வைத்திருங்கள்.

நான்காம் படி: டிரைவும் மின்சாரமும்

உங்கள் நாடாவைப் போடுமுன், அதே வகையில் பெறுமதியற்ற ஒரு நாடாவை டிரைவில் எழுதி வாசித்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் மட்டும் அடுத்த வேலை. டிரைவ் கேட்கும்போது சுத்திகரிப்பு நாடாவைப் போடுங்கள். கேட்காமல் திரும்பத் திரும்பப் போட்டால் அது தலையைத் தேய்த்துவிடும். கியூஐசி எனப்படும் பழைய கால் அங்குல நாடா டிரைவாக இருந்தால் அதன் ரப்பர் உருளையைத் தொட்டுப் பாருங்கள். பழைய உருளைகள் உருகித் தார் போல ஆகியிருக்கும். அப்படியே ஓட்டினால் அது நாடா முழுவதும் பூசிவிடும்.

நாடா ஓடிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால் டிரைவுக்குள் தளர்ந்த நாடா மடிந்து சிக்கக்கூடும். நல்ல நாடா அதைத் தாங்கும், பழுதடைந்தது தாங்காது. மழைக்காலத்தில் மின்வெட்டு எப்போது வரும் என்று சொல்லமுடியாத இடத்தில் யூபிஎஸ் கட்டாயம். மின்பிறப்பாக்கியில் நேரடியாக ஓட்டாதீர்கள். அதன் மின்னழுத்தம் ஏறி இறங்கும். மின்கலத்தை எப்போதும் இடையில் வைத்து ஓடும் ஒன்லைன் வகை யூபிஎஸ் கிடைத்தால் அதுவே மேல். முழு நாடாவும் ஓடி முடியும் நேரத்தைக் கணக்கிட்டு, மின்கலம் குறைந்தபட்சம் நாடாவைப் பின்சுற்றி வெளியேற்றும்வரையாவது தாங்குமா என்று முன்கூட்டியே சோதியுங்கள்.

ஐந்தாம் படி: முழுப்படி எடுத்தல்

நாடாவிலிருந்து கோப்புகளை நேராகப் பிரித்தெடுக்க முயலாதீர்கள். நாடாவில் உள்ளதை உள்ளபடி, பிளாக் பிளாக்காக (பிளாக் என்பது நாடாவில் ஒருமுறையில் எழுதப்படும் தரவுத் துண்டு) வன்தட்டில் முழுப்படி எடுங்கள். கோப்பு பிரிக்கும் வேலை முழுவதும் அந்தப் படியில் நடக்கட்டும். அங்கே எத்தனை தடவை தவறினாலும் இழப்பில்லை.

லினக்ஸ் கணினி இதற்கு வசதியானது. நாடா டிரைவுக்கு அதில் இரு பெயர்கள் உண்டு: எஸ்டி0 என்பது ஒவ்வொரு வேலை முடிந்ததும் நாடாவைத் தானாகப் பின்சுற்றும், முன்னால் என் சேர்த்த என்எஸ்டி0 பின்சுற்றாது. எப்போதும் என்எஸ்டி0 ஐயே பாவியுங்கள். பின்பு நாடா டிரைவை இயக்கும் எம்டி கட்டளையால் பிளாக் அளவை 0 என்று அமையுங்கள். 0 என்றால் நாடாவில் எந்த அளவில் பிளாக் இருந்தாலும் அப்படியே வாசி என்று பொருள்.

அடுத்தது, தரவை உள்ளபடி படியெடுக்கும் டிடி கட்டளை. வாசிக்கும் அளவை 256 கிலோபைட்டோ அதற்கு மேலோ கொடுங்கள். நாடாவில் உள்ள பிளாக்கைவிடச் சிறிய அளவைக் கொடுத்தால், நினைவகம் போதாது என்ற பிழை வரும். நாடா நன்றாக இருக்கும்போதே இந்தப் பிழையைக் கண்டு 'நாடா போய்விட்டது' என்று கைவிடுகிறார்கள். அளவைப் பெரிதாக்கினால் தீரும் விடயம் அது.

ஒரு பகுதி முடிந்ததைக் காட்ட நாடாவில் எழுதப்பட்டிருக்கும் கோப்புக் குறி வரும் இடத்தில் டிடி நிற்கும். மீண்டும் ஓட்டினால் அடுத்த பகுதி வரும். ஒவ்வொரு பகுதியையும் 001, 002 என்று தனித்தனியாகச் சேமியுங்கள். அடுத்தடுத்து இரு கோப்புக் குறிகள் வந்தால் பெரும்பாலும் முடிவு, ஆனால் அதன்பின்னும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

படியை வேகமான உள் வன்தட்டில் எழுதுங்கள். எல்டிஓ-4 டிரைவ் வினாடிக்கு 120 மெகாபைட் வரை தரும். கணினியால் வாங்கிக்கொள்ள முடியாவிட்டால் டிரைவ் நின்று, பின்னோக்கிச் சென்று, மீண்டும் முன்னோக்கி வரும். ஒரே இடம் முன்னும் பின்னுமாக உரசுப்படும். பழைய யூஎஸ்பி வன்தட்டில் நேரடியாக எழுதினால் இதுதான் நடக்கும்.

ஆறாம் படி: பிழை வரும் இடங்கள்

வாசிப்புப் பிழை வந்தால் உடனே மறுபடி முயலாதீர்கள். டிரைவ் ஏற்கனவே தானாகப் பலமுறை முயன்ற பிறகே பிழையைச் சொல்கிறது. எம்டி கட்டளையால் இப்போது எந்த பிளாக்கில் நிற்கிறோம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின் ஒரு பிளாக் முன்னே தாண்டச் சொல்லி, அங்கிருந்து தொடருங்கள். ஒரு பிளாக் தாண்டியும் பிழை தொடர்ந்தால் பத்து, நூறு என்று தாவி, முதலில் நல்ல பகுதிகள் எல்லாவற்றையும் சேகரியுங்கள். கெட்ட பகுதிகளுக்கு கடைசியில் திரும்பி வரலாம்.

பிழையைப் பொருட்படுத்தாமல் ஓடு என்று டிடி கட்டளைக்குச் சொல்லும் தெரிவு ஒன்று உண்டு. வன்தட்டுக்கு அது சரி. நாடாவில் பிழை வந்த இடத்தைவிட்டு நகராமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. ஆளில்லாமல் இரவில் அதை ஓடவிட்டுப் போகாதீர்கள். குறைந்த பிளாக்கைப் பூச்சியத்தால் நிரப்பும் தெரிவையும் சேர்க்காதீர்கள். அளவு மாறும் பிளாக்குகளின் இடையில் இல்லாத பூச்சியங்களைத் திணித்து, படியையே குழப்பிவிடும்.

பிழைகள் எங்கெங்கே வருகின்றன என்ற பட்டியல் நாடாவின் உடல்நிலையைச் சொல்லும். டிடிஎஸ் நாடாவில் ஓரிடத்தில் கசங்கல் என்றால் தரவிலும் ஓரிடத்தில்தான் இழப்பு. எல்டிஓ அப்படியல்ல. அதில் எழுத்து நாடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், திரும்பி வந்து, மீண்டும் போகிறது. எல்டிஓ-3 இல் 44 தடவை, எல்டிஓ-4 இல் 56 தடவை, எல்டிஓ-5 இல் 80 தடவை. நாடாவின் குறுக்கே ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் ஒவ்வொரு போக்கிலும் வரவிலும் அது குறுக்கிடும். 800 ஜிகாபைட் கொண்ட எல்டிஓ-4 நாடாவில் ஒரு போக்கு ஏறத்தாழ 14 ஜிகாபைட். பிழைகள் இப்படி ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வந்தால், நாடா முழுவதும் கெட்டுவிட்டது என்று கலங்காதீர்கள். கெட்டது ஒரே ஓரிடம். அடுத்த பிழை எங்கே வரும் என்று கணக்கிட்டு, அதற்குமுன் நின்று, தாண்டிச் செல்லலாம்.

டிரைவ் நாடாவைக் கிறீச்சென்று இழுத்தாலோ, வழமைக்கு மாறாக நின்று நின்று ஓடினாலோ உடனே நிறுத்துங்கள். எடுத்தவரை போதும்.

முழுப்படி முடிந்ததும் ஒவ்வொரு பகுதிக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை (கோப்பு பின்னர் மாறியதா என்று காட்டும் எண்ணை) உருவாக்கி, இரண்டாவது வன்தட்டில் பிரதி எடுத்து, எழுத அனுமதியில்லாத கோப்பாக மாற்றிவிடுங்கள். நாடாவைப் பெட்டியில் வையுங்கள்.

ஏழாம் படி: படியிலிருந்து கோப்புகள்

முதல் பிளாக்கைப் பதினறும எண் காட்டும் செயலியில் திறந்து பாருங்கள். டேப் என்ற சொல்லுக்குரிய நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளோடு தொடங்கினால் அது மைக்ரோசாப்ட் நாடா வடிவம். விண்டோஸ் என்டி முதல் சேர்வர் 2003 வரை கூடவே வந்த காப்புச் செயலி எழுதியது. 0 இலிருந்து எண்ணி 257 ஆவது பைட்டில் யூஸ்டார் என்று வந்தால் அது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் டார் கோப்பு.

டார் வடிவம் பழுதைப் பொறுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் தலைப்பு தனியாக இருப்பதால், இடையில் ஓட்டை விழுந்தாலும் அடுத்த தலைப்பைக் கண்டுபிடித்துத் தொடரலாம். பூச்சிய பிளாக்குகளைப் பொருட்படுத்தாதே என்ற தெரிவைச் சேர்த்தால் இடையில் நின்றுவிடாது. டார் கோப்பை ஜிசிப்பால் சுருக்கியிருந்தால் நிலைமை கடினம்: ஓட்டைக்கு அப்பால் உள்ளதைச் சாதாரணமாக விரிக்க முடியாது. பிசிப்2 சுருக்கம் 900 கிலோபைட் வரையான துண்டுகளாகப் பிரிந்திருப்பதால், அதற்கென உள்ள மீட்புக் கருவி கெட்ட துண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தரும். டிரைவே செய்யும் வன்பொருள் சுருக்கம் பற்றிக் கவலை வேண்டாம். வாசிக்கும்போதே டிரைவ் அதை விரித்துவிடுகிறது.

தலைப்புகளே இல்லாமல் போன பகுதிகளில் ஃபோட்டோரெக் போன்ற செயலி கோப்புகளின் உள்ளடையாளத்தைக் கொண்டு படங்களையும் வேர்ட் ஆவணங்களையும் பிரித்துத் தரும். கோப்பின் பெயர் வராது, உள்ளடக்கம் வரும்.

எட்டாம் படி: பாமினியில் எழுதிய ஆவணங்கள்

இதைப் பற்றி நாடா மீட்பு வழிகாட்டிகள் எதுவும் சொல்வதில்லை, நமக்கோ இது தவிர்க்கமுடியாதது. மீட்டெடுத்த ஆவணத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிரம்பியிருக்கும். கோப்பு சிதைந்துவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். அக்காலத்தில் இங்கே தட்டச்சு செய்தவர்களில் பெரும்பாலானோர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவைப் பாவித்தார்கள். அதில் தமிழ் என்ற சொல், எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அந்த ஐந்து குறிகள் தொடர்ந்து வந்தால் கோப்பு நலமாக இருக்கிறது என்று அறியலாம்.

இதையே தேடும் கருவியாகவும் பாவிக்கலாம். உங்கள் கிராமத்தின் பெயரை அல்லது சங்கத்தின் பெயரை ஒருங்குறியிலிருந்து (யூனிகோட்) பாமினிக்கு மாற்றி, அந்தக் குறித்தொடரை முழுப்படியில் நேரடியாகத் தேடுங்கள். வேர்ட் 97 முதல் 2003 வரையான ஆவணங்கள் ஓர் எழுத்தை ஒரு பைட்டாகவோ இரண்டு பைட்டாகவோ வைத்திருக்கும். இரு விதமாகவும் தேடவேண்டும். பெயர் இல்லாமல் மிதக்கும் துண்டுகளில் எது யாருடையது என்று கண்டுபிடிக்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

ஒருங்குறிக்கு மாற்றும்போது இரண்டைக் கவனியுங்கள். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் இருக்கும், ஒருங்குறியில் பின்னால் வரும்; இந்த இடமாற்றத்தைச் செய்யாத மாற்றி பெயர்களைச் சிதைத்துவிடும். அடுத்தது, ஆவணத்தில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் கலந்திருக்கும். எழுத்துரு விபரத்தை நீக்கி வெறும் எழுத்தாக மாற்றினால் எது ஆங்கிலம், எது பாமினி என்று பிரிக்கமுடியாது. எனவே வேர்ட் கோப்பாகவே வைத்து, பாமினி எழுத்துரு உள்ள பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். டிபேஸ் என்ற பழைய தரவுத்தளச் செயலியின் கணக்குக் கோப்புகளில் எழுத்துரு விபரம் கிடையாது. நிரல் நிரலாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஆட்பெயர்களை ஊரவர் ஒருவரைக்கொண்டு வாசித்துச் சரிபாருங்கள்.

எப்போது கைவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது

நாடா அறுந்திருந்தால், முதற்பகுதி மேலெழுதப்பட்டிருந்தால், தீயில் பேழை உருகியிருந்தால் நீங்களே முயலவேண்டாம். குறிப்பாக டிடிஎஸ் நாடாவை ஒட்டி ஓட்டக்கூடாது. ஒட்டு, சுழலும் தலையில் மோதி அதை உடைக்கும். எல்டிஓ-4 தலைமுறையிலிருந்து டிரைவிலேயே ஏஇஎஸ்-256 மறைகுறியாக்க வசதி உண்டு. அதைப் பாவித்து எழுதிய நாடாவுக்குத் திறவுகோல் இல்லாவிட்டால் எந்த ஆய்வகமும் உதவமுடியாது. ஆய்வகத்துக்குக் கொண்டு செல்லும் வழியில் விமான நிலைய எக்ஸ் கதிர் நாடாவைக் கெடுக்காது.

ஒப்படைத்தல்

இந்த நாடாக்களில் நிவாரணப் பட்டியல்களும் மருத்துவக் குறிப்புகளும் காணாமற்போனோர் பற்றிய விபரங்களும் இருக்கலாம். அவை அந்த அலுவலகத்துக்கும் அந்தக் குடும்பங்களுக்கும் உரியவை. மீட்டவருக்கு உரியவை அல்ல. முழுப்படியை உரியவரிடம் கொடுத்து, உங்கள் கணினியில் எஞ்சியதை அவர் முன்னிலையில் அழியுங்கள். மலர்கள், ஆண்டறிக்கைகள், துண்டுப்பிரசுரங்கள் போன்ற பொதுவெளிக்குரிய ஆவணங்கள் கிடைத்தால், உரியவரின் சம்மதத்தோடு 'நூலகம்' என்ற இலங்கைத் தமிழ் எண்ணிம நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கலாம்.

நாடாவை வீசவேண்டாம். நிறுத்திய நிலையில், சிலிக்கா ஜெல்லோடு, மூடிய பெட்டியில் வையுங்கள். எந்த டிரைவில், எந்தத் திகதியில், எந்தப் பிளாக் அளவில் வாசித்தீர்கள், எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை வாசிக்கமுடியவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி அதே பெட்டிக்குள் போடுங்கள். நாளை நல்ல டிரைவோடு வருபவர் அந்த இடங்களை மட்டும் வாசித்தால் போதும்.